கசானுக்குப் புறப்படும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மருத்துவம் படிக்க ரஷ்யாவிலுள்ள கசானுக்குப் போகிறாய் என்று தம்பி சொன்னான். ஆங்கிலப் புத்தகம் ஒன்றின் வழியாக ரஷ்ய மொழி கற்கத் தொடங்கி, 'நான் மாணவியாக இருக்கிறேன்' என்று சொல்ல அந்த 'இருக்கிறேன்' எங்கே என்று தேடிக் களைத்துவிட்டாய் என்றும் அறிந்தேன். நிகழ்காலத்தில் அப்படியொரு சொல்லை அவர்கள் சொல்வதில்லை. 'யா ஸ்துத்யேன்த்கா' என்றால் 'நான் மாணவி', அவ்வளவுதான். தமிழிலிருந்து நேராகப் போகக்கூடிய இடத்துக்கு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு ஏன் போக வேண்டும்?

பெயர் சொல்லும்போது வரும் 'மின்யா ஸவூத்' என்பதற்கு 'என்னை அழைக்கிறார்கள்' என்று பொருள். அழைப்பவர் யார் என்று நம்மைப் போலவே அவர்களும் கேட்பதில்லை. எதிரில் இருப்பவர் 'ஓச்சின் ப்ரியாத்னா', அதாவது மிக்க மகிழ்ச்சி, என்பார். நீயும் அதையே திருப்பிச் சொல்லலாம்.

வணக்கம்தான் முதலில் நாக்கைச் சுழற்றும். 'ஸ்த்ராஸ்த்வுய்த்யெ' என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலில் இன்னொரு 'வ' உண்டு, அது ஒலிப்பதில்லை. 'நலமாக இருங்கள்' என்ற ஏவலே அங்கு வணக்கமாகியிருக்கிறது. 'ப்ரிவ்யேத்' என்பது விடுதித் தோழிகளுக்கு மட்டும், பேராசிரியரிடம் சொல்லிவிடாதே. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கும் உண்டு, மரியாதைக்குப் பன்மையே வரும் என்பதால் இதை உனக்கு விளக்க வேண்டியதில்லை. நீ, நீங்கள் என்பதற்கான அந்த இரு ரஷ்யச் சொற்களின் ஈற்றில் வரும் உயிரொலி கடினம் என்பார்கள். 'நாடு', 'பாட்டு' என்னும்போது உதடு குவியாமல் ஈற்றில் ஒலிக்கும் நம் குற்றியலுகரம் அதற்கு மிக அருகில் வருகிறது, அங்கிருந்து தொடங்கு. 'தோப்ரி த்யேன்' என்று பகல் வணக்கம் சொல்லும்போதும் 'பந்து' என்பதில் வரும் தகரத்தையே பயன்படுத்து. ஆங்கிலப் பழக்கத்தில் அதை 'டோப்ரி' ஆக்கிவிடுகிறோம்.

நீ அதிகம் பழக வேண்டியது தந்தை பெயரைத்தான். யூரி அலெக்ஸேயெவிச் ககாரின் என்றால் அலெக்ஸேயின் மகன். வலெந்தினா விளாதிமிரொவ்னா தெரெஷ்கோவா என்றால் விளாதிமிரின் மகள். நாம் முன்னெழுத்தாகச் சுருக்கி வைத்திருப்பதை அவர்கள் முழுதாக, ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு ஈறு சேர்த்துச் சொல்கிறார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நீ. அங்கோ ஆசிரியரை இயற்பெயரும் தந்தை பெயரும் சேர்த்து அழைப்பதே மரியாதை. 'சார்', 'மேடம்' என்று விளித்தால் விநோதமாகப் பார்ப்பார்கள். எனக்கு இது பழக வெகு நாளாயிற்று; ஒவ்வொரு முறையும் ஏதோ தவறு செய்வதுபோலக் கூசியது.

பாடம் ஆங்கிலத்தில்தானே என்று மெத்தனமாக இருந்துவிடாதே. மூன்றாம், நான்காம் ஆண்டில் வார்டுக்குப் போகும்போது நோயாளி ரஷ்ய மொழியில்தான் பேசுவார். கட்டிலருகே போவதற்கு முன் கேஸ் தாளில் அவருடைய தந்தை பெயரையும் பார்த்துக்கொள். எங்கே வலிக்கிறது என்பதைப் பிறகு கேட்கலாம்.

அன்புடன்,
பெரியப்பா