செர்னோபில் ஓநாய்களைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

தமிழில் அறிவியல் காணொளி செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். 1986இல் அணு உலை வெடித்த உக்ரைனின் செர்னோபில் பற்றி நீங்கள் போடும் காணொளிகளை விடாமல் பார்ப்பவன் நான். அவற்றில் பெரும்பாலும் இரண்டே கதைகள்தான் வருகின்றன. ஒன்று, கதிர்வீச்சால் உருமாறிய பயங்கர மிருகங்கள். மற்றொன்று, "காடு செழித்துவிட்டது, ஓநாய் வந்துவிட்டது, கதிர்வீச்சுக்குப் பயப்பட ஒன்றுமில்லை" என்பது.

முதல் கதை அதிக நாள் நிற்காது. 2025 அக்டோபரில் நீல நிற நாய்களின் காட்சி பரவியபோது, அங்கே நாய்களைப் பராமரிக்கும் குழுவினரே, கழிப்பறை ரசாயனத்தில் அவை புரண்டிருக்கலாம் என்று விளக்கிவிட்டார்கள். எனக்குக் கவலை இரண்டாவது கதைதான். அதில் பாதி உண்மை. அதனால் சுலபமாக எடுபடுகிறது.

ஓநாய்கள் பெருகியது உண்மை. விபத்துக்குப் பின் மக்களை வெளியேற்றி மூடிய மண்டலத்தின் பெலாரஸ் பக்கத்துக் காப்பகத்தைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வில், மான், காட்டுப்பன்றி போன்றவை மாசுபடாத காப்பகங்களில் உள்ள அளவுக்கே இருந்தன. ஓநாய்கள் மட்டும் ஏழு மடங்குக்கு மேல். காரணம், வேட்டையில்லை, உழவில்லை, மரம் வெட்டுவோர் இல்லை. கதிர்வீச்சு விலங்குகளுக்கு நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை, மனித நடமாட்டம் அதைவிடக் கெடுதல் செய்கிறது என்பதே பொருள் என்று அந்தக் குழுவின் ஜிம் ஸ்மித்தே சொன்னார். உங்கள் காணொளிகளில் ஏழு மடங்கு வருகிறது, இந்த வாக்கியம் வருவதில்லை.

உலைக்கு அருகிலுள்ள, செங்காடு என்று அழைக்கப்படும் காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986 ஏப்ரல் 26இல் நான்காம் உலை வெடித்ததும், அருகிலிருந்த பைன் மரங்கள் ஊசியிலைகள் செந்நிறமாகிக் கருகிச் செத்தன. அவற்றைச் சாய்த்துப் பள்ளம் தோண்டி அங்கேயே புதைத்தார்கள். பைனைவிடக் கதிர்வீச்சைத் தாங்கும் பிர்ச் மரங்கள் அங்கே முளைத்து வளர்ந்தன. உங்கள் கேமரா காட்டும் பசுமை இதுதான். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கிச் சருகைக் காட்டுங்கள். ஆய்வாளர்கள் வலைப்பைகளில் சருகை நிரப்பிப் பல இடங்களில் வைத்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் அது மட்குவது சுமார் 40 சதவீதம் குறைவு. மட்கவைக்கும் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்பது அவர்கள் கணிப்பு. மட்காத சருகு குவிந்தால் தீக்கு இரை. 2020 ஏப்ரலில் அந்த மண்டலக் காடுகள் எரிந்தபோது, மரத்திலும் மண்ணிலும் அடங்கிக் கிடந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருளில் ஒரு பங்கு புகையோடு மறுபடி காற்றில் ஏறியது.

சீசியம்-137இன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டுகள். 2016இல்தான் பாதியானது, அந்தப் பாதியும் பாதியாக 2046 வரை பொறுக்க வேண்டும். செர்னோபில் சீசியம் காற்றில் போய் விழுந்த ஜெர்மனியின் பவேரியாவில் காட்டுப்பன்றி இறைச்சியை இன்றும் சோதித்துத்தான் விற்கிறார்கள். கிலோவுக்கு 600 பெக்கெரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டினால் விற்கத் தடை. மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளான் சீசியத்தைச் சேர்த்து வைக்கிறது, பன்றி அதைக் கிளறித் தின்கிறது. அந்தப் பன்றி கொழுகொழுவென்றுதான் இருக்கும். பார்வைக்கு ஆரோக்கியமாக இருப்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

விஞ்ஞானிகளிடையே சண்டை ஓயவில்லை என்பதையும் சொல்லுங்கள். தகைவிலான் குருவிகளின் இறகில் வெண்திட்டுகளைக் கண்டவர்கள் ஒரு பக்கம், அந்த முடிவுகளைக் கேள்வி கேட்பவர்கள் மறுபக்கம். இந்த மண்டலத்து மரத்தவளைகள் வெளியிலுள்ளவற்றைவிடக் கருத்திருப்பதாக 2022இல் ஓர் ஆய்வு வந்தது. கருநிறமி கதிர்வீச்சிலிருந்து காப்பதால் கருந்தவளைகள் அதிகம் தப்பியிருக்கலாம் என்கிறார்கள். அப்படியென்றால் வெளிர்நிறத் தவளைகள் என்னவாயின என்பதையும் சேர்த்துத்தானே பேச வேண்டும்?

மனிதர்களை மறந்துவிடாதீர்கள். ஓநாய்க்குக் கிடைத்த அந்த அமைதிக்காக மொத்தம் சுமார் 3,50,000 பேர் வீடுவாசலை விட்டுப் போனார்கள். தடையை மீறித் திரும்பி வந்து தோட்டம் போட்டு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள்.

அடுத்த காணொளியில் ஓநாயைக் காட்டும்போது, அந்த நிலத்திலிருந்து யார் வெளியேறினார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். மேற்கோள் காட்டும் ஆய்வைக் கடைசிப் பத்தி வரை படியுங்கள். ஏற்கெனவே போட்ட காணொளிகளில் "கதிர்வீச்சால் ஒன்றும் ஆகாது" என்று முடித்திருந்தால், விளக்கக் குறிப்பில் ஒரு திருத்தம் சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளன்