முப்பது விநாடிக்குள் அடங்காத காமன் கூத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைக் கைத்தொலைபேசி கெடுத்துவிட்டது என்ற பேச்சு கோயில் கமிட்டியிலும் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்திலும் காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்திலும் ஓயாமல் கேட்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் கற்பித்த எனக்கு அதை அப்படியே ஏற்க மனம் வரவில்லை.

2018ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனை, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, பேஸ்புக் வழியே பரவிய வெறுப்புப் பேச்சு எரிகிற நெருப்புக்கு எண்ணெய் வார்த்தது. அரசாங்கம் சில நாட்களுக்குச் சமூக ஊடகங்களை முடக்கியது. பேஸ்புக் நிறுவனமே 2020இல் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. அதே 2018 ஒக்டோபரில், தங்கள் தாய் தந்தையருக்கு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வேண்டுமென்று கறுப்பு உடையில் கொழும்புக் காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் திரண்ட மலையக இளைஞர்களை ஒன்றுசேர்த்ததிலும் இதே பேஸ்புக்குக்குப் பெரும்பங்கு உண்டு. கொழும்பில் கடைகளில் வேலை பார்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் அறியாமலிருந்த பிள்ளைகள் அன்று ஒரே குரலில் பேசினார்கள். அந்த ஆயிரம் ரூபாய் 2021இல்தான் கிடைத்தது என்பது வேறு கதை.

ஆகவே என் கவலை கைத்தொலைபேசியைப் பற்றியது அல்ல. அதற்குள் எங்கள் வாழ்க்கை எந்த அளவில் வெட்டப்பட்டு நுழைகிறது என்பதைப் பற்றியது. மாசி அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமியில் தகனம் நடக்கும் வரை, எங்கள் தோட்டத்தில், சிவன் காமனாகிய மன்மதனை எரித்ததையும் அவன் மனைவி ரதி புலம்புவதையும் ஆடிப் பாடிக் காட்டும் காமன் கூத்து இரவிரவாக நடக்கும். கடந்த முறை தகனத்தன்று கூத்து நடக்கும் காமன் பொட்டலைச் சுற்றி நின்ற இளைஞர்கள் எல்லோரும் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் ஒரு தாயும் அதை நேரலையில் பார்த்து அழுதார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அந்த வாரமே டிக்டொக்கில் வந்த காணொளியில் முப்பது விநாடி நெருப்பு மட்டுமே இருந்தது. ரதியின் புலம்பல் இல்லை. கூத்தின் ஓசைக்குப் பதிலாக ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. வைக்கோல் கொளுத்தித் தப்பு எனும் பறையைக் காய்ச்சிக் காய்ச்சி விடியும் வரை அடித்த பெரியவர், பேரனின் கையிலிருந்த திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "என் தப்புச் சத்தம் எங்கடா தம்பி?" என்று கேட்டார். அந்தப் பையனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. பார்ப்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள் என்று நினைத்தான். எங்கள் பிள்ளைகள் காணொளியில் பேசும்போது தோட்டத்து லயங்களில் பேசும் தமிழை விட்டுச் சென்னைத் தமிழுக்குத் தாவுவதும் இதே நினைப்பினால்தான்.

இதற்குப் பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. ரதிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்மாரின் நோட்டுப் புத்தகங்கள் பல தோட்டங்களில் அவர்களோடு போய்விட்டன. அவற்றைப் பிரதி எடுக்கப் படித்த நாங்கள் முயலவில்லை. இன்று இருபது வயதுப் பையன் ஒருவன், ஒரு தரமான கைத்தொலைபேசியைக் கொண்டு முழுக் கூத்தையும் ஒலி குன்றாமல் பதிந்து வைக்க முடியும். அவனருகே அமர்ந்து, எந்தப் பாட்டு எப்போது வரும், எந்த அடி எதற்கு என்று சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். ஆசிரியர்களும் கோயில் கமிட்டிகளும் இதை முன்னின்று செய்ய வேண்டும். தங்கள் பத்திரிகையும் அவ்வாறு எழுதியெடுக்கப்படும் பாடல்களுக்கு ஞாயிறு இதழில் இடம் ஒதுக்க வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் வரும் மாசிக்கு இதைத் தொடங்க இளைஞர்கள் ஐவர் முன்வந்திருக்கிறார்கள். தகனத்துக்கு மட்டும் வராமல் காமன் ஊன்றும் நாளிலிருந்தே வர வேண்டும் என்று தப்படிக்கும் பெரியவர் அவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.