பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு

வணக்கம்.

தமிழில் வண்டிகளைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவன் நான். இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யாரையும் நேரில் பார்த்ததில்லை. இந்த மடல் அவர்களுக்குப் போய்ச் சேராது என்று தெரியும். இருந்தாலும் ஊரறிய நன்றி சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது.

முதல் நன்றி டெனிஸ் ஜென்கின்சனுக்கு. பிரிட்டனின் 'மோட்டார் ஸ்போர்ட்' பத்திரிகைக்காரர். தாடி வைத்த, குள்ளமான மனிதர். 1955 மே 1 அன்று இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில், ஸ்டெர்லிங் மோஸ் ஓட்டிய மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனார். பிரெஸ்சியாவில் கிளம்பி ரோம் போய்த் திரும்பும் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். அதற்கு முன்பே இருவரும் அந்தச் சாலையில் பலமுறை போய்ப் பார்த்தார்கள். எந்த வளைவு ஆபத்து, எந்த மேட்டைத் தாண்டினால் நேர்ச்சாலை என்று சுமார் ஐந்தரை மீட்டர் நீளத் தாளில் எழுதி, சுருட்டி, ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். இன்ஜின் இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் தாளைச் சுருட்டிச் சுருட்டிப் படித்துக்கொண்டே கையால் ஜாடை காட்டினார். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே, அந்தக் கையை நம்பி மோஸ் வேகம் குறையாமல் ஏறினார். 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் வெற்றி.

அப்புறம் அதை ஜூன் இதழில் எழுதினார். வழியில் வாந்தி எடுக்கத் தலையை வெளியே நீட்டியதையும், எதிர்க்காற்று மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனதையும் மறைக்கவில்லை. நல்லவேளையாக மாற்றுக் கண்ணாடி வைத்திருந்தார். ஜெயித்த வண்டியில் இருந்தவர், தன் வயிறு புரட்டியதையும் சேர்த்தே எழுதுகிறார். வண்டியை உடம்பால் உணர்ந்து எழுதுவது என்றால் என்னவென்று அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

அவருக்குப் பக்கங்களைத் தாராளமாக ஒதுக்கிய ஆசிரியர் பில் பாடிக்கும் நன்றி. 1936 முதல் 1991 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். உலகப்போர்க் காலத்திலும் இதழை நிற்க விடவில்லை.

அமெரிக்காவின் டாம் மெக்காஹிலை மறக்க முடியுமா? 1946இல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் கார்களைச் சோதித்து எழுதத் தொடங்கினார். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட எத்தனை வினாடி என்று அளந்து சொல்லும் வழக்கத்தைப் பரப்பியவர் அவர்தான். "நூறு எத்தனை செகண்டில் போகும்?" என்று இன்று நம் பையன்கள் கேட்பது அவர் போட்ட பாதை. பிடிக்காத காரைப் பிடிக்கவில்லை என்றே எழுதினார்.

'கார்' இதழின் எல்.ஜே.கே. செட்ரைட், சட்டம் படித்துவிட்டு இன்ஜினுக்குள் இறங்கியவர். அவர் வாக்கியங்கள் எனக்குச் சுலபத்தில் வசப்படவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். வாசகனுக்குப் புரியாது என்று அவர் எதையும் குறைத்துச் சொன்னதில்லை. அந்த மரியாதைக்கு நன்றி.

இவர்களையெல்லாம் என் கையில் கொண்டுவந்து சேர்த்த பழைய புத்தகக்கடை அண்ணனுக்கும் நன்றி. கார் படம் போட்ட கட்டு எது வந்தாலும் பிரிக்காமல் எனக்கென்று எடுத்து வைப்பார். காசு இல்லாத மாதங்களில், "அடுத்த தடவை குடுங்க தம்பி, கொண்டு போங்க" என்பார்.

இப்போதும் ஒரு வண்டியைச் சோதனைக்கு எடுத்தால் முதல் சுற்று நான் ஓட்டுவதில்லை. நண்பரை ஓட்டச் சொல்லிவிட்டு, நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறேன்.