துருப்பிடித்த மரை கையை ஏமாற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்பன், தங்கச்சிமடம் கரைகளில் விடியற்காலையில் மீன் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் வரை போகும் மொபெட்டுகளை உச்சிப்புளியில் பழுது பார்ப்பவன் நான். ஐஸ் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்து பின்சக்கர ஆக்சில் (சக்கரத்தின் அச்சுக் கம்பி) நட்டை நனைக்கிறது. போதாக்குறைக்குக் கடற்காற்று. இந்த வண்டிகளில் நட், போல்ட் முறுக்கப்படும் விதம் எனக்குக் கவலை தருகிறது.

ஸ்பேனர் அசையாமல் நின்றால் நட் இறுகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. முறுக்கும்போது போல்ட் மயிரிழையளவு நீள்கிறது; திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவைதான் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. மரையில், அதாவது நட், போல்ட்டின் திருகு வரிகளில், துருவும் உப்பும் இருந்தால் நம் பலம் உராய்விலேயே தீர்ந்துவிடும். அண்மையில் வந்த ஒரு வண்டியில் ஆக்சில் நட் கிறீச்சிட்டு நின்றது. சக்கரமோ ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக இருந்தது. நட்டைக் கழற்றி, மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன். அதே நட் விரலாலேயே வாஷர் வரை ஓடியது.

முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் எல்லாக் கடைகளிலும் கிடையாது. மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசுக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லையே! நட்டின் மையத்திலிருந்து 20 செ.மீ. அளந்து ஸ்பேனரில் குறியிடுங்கள். அங்கே கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். முள் 10 கிலோ காட்டினால் ஏறக்குறைய 20 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் பலத்தின் அளவு). 40 செ.மீ. என்றால் அதற்கு இரட்டிப்பு. எந்த நட்டுக்கு எவ்வளவு என்பது வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. அந்த அளவு பெரும்பாலும் எண்ணெய் படாத, சுத்தமான மரைக்கானது. கிரீஸ் தடவிவிட்டு அதே அளவுக்கு முறுக்கினால் போல்ட் மிதமிஞ்சி இழுபடும். துருவுக்குப் பயப்படுபவர்கள், இறுக்கிய பிறகு வெளியே நீட்டியிருக்கும் மரையில் கிரீஸ் பூசட்டும்.

இன்ஜின் மூடியின் 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டரே போதும். உள்ளே இருப்பது அலுமினிய மரை. அதற்கும் ஸ்பேனரில் பைப் சொருகி இழுப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மரை போனால் செலவு வண்டிக்காரர் தலையில் விழுகிறது. வாஷர் உள்ள புதிய ஸ்பார்க் பிளக்குக்கோ தராசே வேண்டாம். விரலால் உட்காரும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று.

மீன் வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் நட் கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். நட்டிலிருந்து ஆக்சில் முனை வரை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு விலகியிருந்தால் பெட்டியை ஏற்றாதீர்கள்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
உச்சிப்புளி.