ஞாயிற்றுக்கிழமை டோலக் சத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூரில் எங்கள் வீதியிலுள்ள லைன் வீடுகளில் ஒடிசா, பீகார் மாநிலங்களைச் சேர்ந்த பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். ஞாயிறு மாலைகளில் அவர்கள் டோலக் வைத்துப் பாடுவதை அடியோடு நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று சென்ற வாரம் வீதிக்காரர்கள் கூடிப் பேசியபோது, எனக்கு நியூயார்க் நகரத்துப் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களின் கதைதான் நினைவுக்கு வந்தது.

அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தும், பிழைப்புத் தேடி அந்த நகரத்துக்குப் போனபோது அவர்கள் அயலாராகவே பார்க்கப்பட்டார்கள். அங்கே கிழக்கு ஹார்லெமில் 1927-இல் விக்டோரியா எர்னாண்டஸ் என்ற பெண்மணி இசைத்தட்டுக் கடை ஒன்றைத் திறந்தார். அவருடைய அண்ணன் ரஃபேல் 1929-இல் இயற்றிய 'லமென்டோ போரின்கானோ' பாடலில், விளைச்சலை ஏற்றிக்கொண்டு பூரிப்போடு சந்தைக்குப் போகும் குடியானவர், ஊரே வெறிச்சோடிக் கிடக்கக் கண்டு மனமொடிந்து திரும்புகிறார். கிணத்துக்கடவு மண்டியில் தக்காளி விலையைக் கேட்டுவிட்டு, ஏற்றிவந்ததைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போன நம் விவசாயிக்கு அந்தப் பாட்டை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் ஏக்கத்தோடு அந்த இசை நின்றுவிடவும் இல்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்த இசைக்கலைஞர் வில்லி கோலோன், ஸ்பானியப் பாட்டுக்கு டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியின் முரட்டுக் குரலைச் சேர்த்து 1967-இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். கியூபாவின் தாளத்தில் புவேர்ட்டோ ரிக்கோக்காரரும் டொமினிக்கன் நாட்டவரும் சேர்ந்து வாசித்து, நியூயார்க்கிலேயே உருத்திரண்ட அந்த இசைக்குச் 'சால்சா' என்ற பெயர் நிலைத்தது. ஸ்பானிய மொழியில் சால்சா என்றால் தொட்டுக்கொள்ளும் சாஸ்; நாம் சட்னி என்று சொல்வது போலத்தான் அதுவும். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் என்ற சால்சா இசைக்குழு வாசித்தபோது, 40,000 பேருக்கு மேல் திரண்ட கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட, கச்சேரி பாதியில் நின்றது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் எடுபிடி வேலைக்காரர்களாக மட்டுமே அறியப்பட்டவர்கள், தங்கள் மொழியும் தாளமும் அந்நகரத்தின் பெரிய மைதானத்தில் முழங்கக் கேட்டது அவர்களுக்குச் சிறிய விஷயமாக இருந்திருக்க முடியாது.

போன மாரியம்மன் நோம்பிக்கு எங்கள் வீதியில் ஜமாப் மேளம் அடித்தபோது, இங்கேயே பிறந்து "ஏனுங்க" போட்டுப் பேசும் ஒடியாச் சிறுவன் ஒருவன், பனியன் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதே அடியைப் பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தான்.

இரவு 9 மணிக்கு மேல் சத்தம் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. அதற்காகப் பாட்டையே நிறுத்தச் சொல்வதை விடுத்து, சமுதாயக் கூடம் ஒன்றை ஞாயிறு மாலைகளில் குறைந்த வாடகைக்கு அவர்களுக்குத் தருமாறு மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பூர்.