சோதிக்கப்படாத சீட்டுக்கட்டு

ஐயா,

தடைச் சட்டம் வந்த பிறகும் பணம் கட்டி ஆடும் சீட்டாட்டச் செயலிகள் உலவுவது குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். அமெரிக்காவின் நெவாடா மாகாணத்தில் அரசு ஒப்புதல் இன்றி வீடியோ போக்கர் இயந்திரம் (பணம் கட்டித் திரையில் சீட்டாடும் சூதாட்ட இயந்திரம்) வைக்க முடியாது. நிஜச் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு வருவதற்கு என்ன வாய்ப்போ, அதே வாய்ப்பு இயந்திரத்திலும் இருக்க வேண்டும். கட்டும் பணத்தில் கணக்குப்படி 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஆடுவோருக்குத் திரும்ப வேண்டும். அப்படியும் அங்கே பெரும்பாலோர் இழக்கவே செய்கிறார்கள். நம் கைப்பேசிக்குள் நுழையும் கள்ளச் செயலிகளுக்கோ அந்தச் சோதனைகூட இல்லை.

விசைப்படகில் போய்வந்த பங்குப்பணம் 6,000 ரூபாயை என் அக்கா மகன் ஒரே இரவில் விட்டான். முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்தானாம். காசிமேடு மீன் ஏலக்கூடத்திலேயே சைபர் கிரைம் போலீசார் புகார் முகாம் நடத்தி, 1930 என்ற உதவி எண்ணைப் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

- ஒரு வாசகர், காசிமேடு, சென்னை