எங்கள் அலுவலக நிர்வாகத்துக்கு, கரண்ட் பில் கட்டுகிறவனின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

கணக்குப் பிரிவிலிருந்து வணக்கம். இதை ஆலோசனைப் பெட்டியில்தான் போட்டிருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு வருடமாக யாருக்கும் தெரியவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று வரவேற்பறையில் ‘பூமியைக் காப்போம்’ என்று பேனர் கட்டினோம். ஃப்ளெக்ஸ் பேனர். அதற்குப் பணம் கொடுத்தவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். அதே வாரம் இரண்டு மாதக் கரண்ட் பில்லும் என் மேஜைக்கு வந்தது. அப்புறம் நடந்த கூட்டத்தில் சோலார் போடலாமா என்ற பேச்சு வந்தது. நாம் இருப்பது வாடகைக் கட்டடத்தின் மூன்றாவது மாடி, மொட்டை மாடி நம்முடையதே இல்லை. அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது, கூடவே மற்ற பேச்சும் முடிந்துவிட்டது. அதுதான் என் வருத்தம். ஒரு பைசா செலவில்லாமல் தொடங்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் ஏ.சி. நம் அலுவலகத்தில் 18 டிகிரியில் ஓடுகிறது. சென்னை வெயிலில் வியர்த்து வந்தவர்கள் பதினொரு மணிக்குச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறோம். நம்முடையவை பழைய, இன்வெர்ட்டர் (கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாத ஏ.சி.கள். 18 வைத்தாலும் 24 வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2020 முதல் விற்பனைக்கு வரும் நட்சத்திர முத்திரை ஏ.சி.களில் தொடக்க அளவையே 24 ஆக்கியது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பதும் அவர்கள் சொல்லும் கணக்குதான். நமக்கு ஆறு டிகிரி இடம் இருக்கிறது. கணக்கில் வருவதில் பாதி கிடைத்தால்கூட எனக்குச் சந்தோஷம். 24-இல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் யாருக்கும் புழுங்காது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் ஏ.சி. சர்வீஸ் ஒப்பந்தத்தை ‘வீண் செலவு’ என்று வெட்டியவன் நான்தான். கோடையில் மெக்கானிக் வந்து ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். கம்பளி மாதிரி தூசி. காற்றே போக வழியில்லாமல் மெஷின் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகக் கரண்டுக்குக் கட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன். அந்த ஒப்பந்தத்தைத் திரும்பப் போடுங்கள்.

அடுத்து ஃபேன். நாற்பது ஃபேன்களும் ஒவ்வொன்றும் 75 வாட் இழுக்கும் பழைய வகை. இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது) முழு வேகத்திலும் சுமார் 30 வாட்தான் எடுக்கிறது. ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம். நாற்பது ஃபேன், நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 450 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,500 ரூபாய். ஒரு ஃபேன் மூவாயிரம் என்றால் போட்ட பணம் திரும்ப இரண்டேகால் வருடம் ஆகும். அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றச் சொல்ல மாட்டேன். இனிமேல் எரிந்துபோகும் ஃபேனுக்கு மறுபடி காயில் (கம்பிச் சுருள்) கட்டக் கொடுக்காமல் அந்த இடத்தில் புதியதை மாட்டுவோம். ஏ.சி.யில் மிச்சமாகும் பணமே அதற்குப் போதும்.

டீ கப் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. காகித கப் தானே என்று நினைக்கிறோம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகித கப்பும் இருக்கிறது. அறுபது பேர், இரண்டு வேளை டீ, நாளுக்கு 120 கப் குப்பைக்குப் போகிறது. எவர்சில்வர் டம்ளர் வாங்கலாம் என்று சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். கழுவப்போவது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஏற்கெனவே இரண்டு மாடி பெருக்கித் துடைக்கும் அக்காவின் தலையில் அந்த 120 டம்ளரையும் கட்டிவிட்டுச் சுற்றுச்சூழல் காத்தோம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆளுக்கொரு டம்ளர், அவரவர் டம்ளரை அவரவர் கழுவுவது என்று வைத்தால் சரி, எம்.டி. சார் உட்பட. இல்லையென்றால் கப்புக்குக் கொடுக்கும் பணத்தை அக்காவின் சம்பளத்தில் சேருங்கள்.

பிரிண்டரில் இரண்டு பக்கமும் அச்சாகும்படி வைத்துவிட்டால் பேப்பர் செலவு ஏறக்குறைய பாதியாகும். ஐ.டி. தம்பிக்கு ஐந்து நிமிட வேலை. மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் யு.பி.எஸ். பேட்டரிகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. புது பேட்டரி வாங்கும்போது டீலரே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக் கொடுப்பார். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நானே ஒரு வாளி வைத்துப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் நிறைந்துவிட்டது. இப்போது தரை துடைக்க அதைத்தான் எடுக்கிறார்கள்.

கடைசியாக, மாலை ஏழு மணிக்கு எல்லோரும் போன பிறகு எந்த அறையில் லைட் எரிகிறது, எந்த மானிட்டர் மினுக்குகிறது என்பது நமக்குத் தெரியாது. வாட்ச்மேன் அண்ணனுக்குத் தெரியும். ஆனால் மீட்டிங் ஹாலின் ஏ.சி.யை நிறுத்த அவருக்கு அனுமதி இல்லை. ரிமோட் மேனேஜர் அறையில் பூட்டிக் கிடக்கிறது. அந்த ரிமோட்டை அவர் கையில் கொடுங்கள். அடுத்த பில்லையும் இந்தப் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நோட்டீஸ் போர்டில் நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு